இசிலேலியின் முறை

கடலில் செத்து நான்கு வருஷமாகியிருந்த இசிலேலிக்கு அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமையின் விடிகாலைத் தியானம் ஒதுக்கப்பட்டது. லெந்து என்ற தவக்காலத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, டோங்கா நாட்டு நுகுஃபாலே தீவின் ஒரே கோயிலில், காணிக்கைப் பாட்டு முடிந்ததும் சபைக் காரியஸ்தன் கிட்டியோனி எழுந்து முறைத்தாளை வாசித்தான். சாம்பல் புதன் தொடங்கிப் பெரிய வெள்ளி வரைக்கும், ஞாயிறுகளைத் தள்ளினால், முப்பத்தொன்பது விடிகாலைகள். ஒவ்வொரு விடிகாலையிலும் ஒருவர் எழுந்து ஆண்டவருடைய பாடுகளைப் பற்றித் தன் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். யாருக்கு எந்த நாள், எந்தப் பகுதி என்பது தாளில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் சபை 'நல்லது' என்று சொல்லும். முப்பத்தெட்டாவது பெயர் கிட்டியோனியுடையதே: பெரிய வியாழன், நெருப்பருகே பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்தது. 'நல்லது' என்றது சபை. முப்பத்தொன்பதாவதாக, பெரிய வெள்ளி, சிலுவை, இசிலேலி என்று அவன் வாய் வாசித்தது. நாக்குப் பழக்கத்தில் சபை அதற்கும் 'நல்லது' என்றது. அதற்குப் பிறகுதான் பெண்கள் பக்கத்தில் ஓலை விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

அது எப்படி நேர்ந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. காரியஸ்தன் ஒவ்வொரு வருஷமும் பழைய நோட்டைப் பார்த்துத்தான் புது முறையைப் போடுவான். அந்த வருஷம் கிட்டியோனி பிரித்தது நான்கு வருஷத்துக்கு முந்திய பக்கம். அந்த வருஷத்தில் பெரிய வெள்ளி இசிலேலியுடையதாக இருந்தது. ஆனால் லெந்தின் மூன்றாம் வாரத்திலேயே அவன் கடலோடு போய்விட்டதால் அந்த வெள்ளியில் யாரும் பேசவில்லை. பாட்டு மட்டும் பாடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இப்போது முப்பத்தெட்டுப் பெயர்களைக் கவனமாக மாற்றின கை, முப்பத்தொன்பதாவதை மட்டும் இருந்தபடியே எழுதிவிட்டது. உட்கார்ந்த பிறகு கிட்டியோனி தாளைத் தொடையின் மேல் விரித்துப் பார்த்தான். மையில் தடுமாற்றம்கூட இல்லை. அவனுடைய கையெழுத்திலேயே நேர்த்தியான எழுத்து அதுதான்.

கோயிலில் வாசிக்கப்பட்ட முறையை மாற்றும் வழக்கம் நுகுஃபாலேயில் கிடையாது. பெயர் வந்தவருக்கு முடியாமல் போனால் அவரே மயக்கப் பானம் கரைக்கும் காவா வேர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் வீட்டுக்குப் போய், வேரை முன்னால் வைத்து, எனக்காக நீங்கள் நில்லுங்கள் என்று தன் வாயால் கேட்க வேண்டும். மனைவி போய்க் கேட்டால் செல்லாது. பிள்ளை போய்க் கேட்டாலும் செல்லாது. தீவிலேயே வயதில் மூத்தவர் வூனா; அவருடைய தகப்பனார் ஒரு காலத்தில் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, அவரைக் கதவுப் பலகையில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய்க் கேட்க வைத்தார்கள். ஒருத்தி இடுப்புவலி தொடங்கிவிட்ட நிலையில், கேட்கப் போக நேரமில்லாததால், பலிபீடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே தன் தியானத்தைச் சொல்லி முடித்துவிட்டு அன்று மத்தியானம் பிள்ளை பெற்றாள். போதகர் பெனிசிமானி தலைநகரத்திலிருந்து வந்து இரண்டாவது வருஷம்தான் ஆகியிருந்தது. பெயரை அடித்துவிட்டு அந்த நாளைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

“அடிக்கிறதுக்குப் பென்சில் போதும் போதகரே,” என்றார் வூனா. “ஆண்டவர் காதுல விழுந்ததை எதை வெச்சு அடிப்பீங்க?”

“ஆள் உயிரோட இல்லையே, பெரியவரே.”

“அப்போ அவன் வந்து, என்னால முடியாது, வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு சொல்லட்டும். சொல்லலேன்னா முறை அவனோடதுதான்.”

அன்று சாயங்காலம் காவா வட்டத்தில் ஆண்கள் தேங்காய்ச் சிரட்டையைக் கைமாற்றிக்கொண்டே இதையே பேசினார்கள். இசிலேலி உயிரோடு இருந்த காலத்தில் அவன் தியானம் என்றால் பெண்கள் கிழங்கை அடுப்பில் போட்டுவிட்டு வரமாட்டார்கள், கருகிவிடும். “சும்மாவே அவன் ஒரு மணி நேரம் இழுப்பான்,” என்றான் ஒருவன். “இப்ப நாலு வருஷத்துதையும் சேத்து வெச்சிருப்பான். ஈஸ்டருக்கு அப்படியே உக்காந்த இடத்துலேயே பாட வேண்டியதுதான்.” எல்லோரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். கிட்டியோனி சிரட்டையை வாங்கிக் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான்.

இசிலேலி அவனுடைய அக்காள் லூசியானேயின் புருஷன். வெளிப் பவளப்பாருக்கு அப்பால் அலை படகைக் கவிழ்த்தது, மச்சானை இழுத்துக்கொண்டு போனது என்று நான்கு வருஷத்துக்கு முன் கிட்டியோனி ஊருக்குச் சொல்லியிருந்தான். அன்றைக்குக் கடலில் அலையே இல்லை. எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. இருவரும் கடல் அட்டை எடுக்கப் போயிருந்தார்கள். கம்ப்ரசர் வைத்து மூழ்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்தது, எல்லோரும் வைத்திருந்தார்கள். இசிலேலி காற்றுக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு பதினைந்து ஆள் ஆழத்தில் இருந்தபோது ரோந்துப் படகு முனையைச் சுற்றிக்கொண்டு வந்தது. பிடிபட்டால் படகும் போகும், ஆறு மாதம் சிறையும் கிடைக்கும். கிட்டியோனி இயந்திரத்தை அணைத்தான், குழாயை அறுத்தான், கம்ப்ரசரை மறுபக்கமாகத் தண்ணீருக்குள் நழுவவிட்டான். தனியாகவா வந்தாய் என்று கேட்டார்கள், தனியாகத்தான் என்றான். இரண்டு தொப்பி இருக்கிறதே என்றார்கள். ஒன்று கோயிலுக்கு என்றான், அவர்கள் சிரித்தார்கள். போகிற நேரத்தில், “நிஜமாவே உன்னோட யாரும் இல்லையா?” என்று மறுபடியும் கேட்டபோது, யாரும் இல்லை என்று சொன்னான். அதிகாரி ஒரு சிகரெட் கொடுத்தார். பாதியில் எறிந்தால் சந்தேகம் வரும் என்று அதை அவர்கள் கண் முன்னால் கடைசி வரைக்கும் புகைத்தான். அந்த நாளில் மற்ற எதையும் அவனால் வரிசையாக நினைக்க முடிவதில்லை. சிகரெட் எரிந்த நேரம் மட்டும் தனியாக, முழுசாக, அவனிடம் இருந்தது.

அக்காளிடம் அவன் இதைச் சொல்லாமல் இருந்தது சுலபமாக நடந்தது. டோங்காவில் வளர்ந்த ஆண்பிள்ளை அக்காள் தங்கையோடு ஒரே வீட்டுக் கூரையின் கீழ் உட்கார மாட்டான், முகம் பார்த்துப் பேச மாட்டான், அது மரியாதை. லூசியானேக்குப் பதின்மூன்று வயதான நாளிலிருந்து அவர்கள் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் கிட்டியோனியின் மனைவி சீலியாதான் இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் சுமந்தாள். மச்சான் செத்த செய்தியையும் அவளே கொண்டுபோனாள். உடல் கிடைக்காததால் லூசியானே துக்கத்தை முடிக்கவில்லை. ஒரு வருஷத்தில் அவிழ்க்க வேண்டிய முரட்டுத் துக்கப் பாயை நான்கு வருஷமாக இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுற்றிக்கொண்டே நடந்தாள். அதன் ஓரம் நைந்து, அவள் போன இடமெல்லாம் நார் உதிர்ந்து கிடக்கும். அக்காள் தன் வீட்டைக் கடந்து போயிருக்கிறாள் என்பதைக் கிட்டியோனி அந்த நாரை வைத்துத் தெரிந்துகொள்வான்.

முறை வாசித்த மறுநாள் சீலியா ஒரு கேள்வியோடு வந்தாள்.

“உங்க அக்கா கேக்கச் சொன்னாங்க. பெரிய வெள்ளிக்கு அவர் கறுப்புச் சட்டை போடணுமா, வெள்ளையா?”

“எவர்?”

“உங்க மச்சான். வேற எவர்? துணி வெட்டணுமாம்.”

 வெள்ளை என்று கிட்டியோனி சொல்லி அனுப்பினான். தியானம் சொல்கிறவர்கள் வெள்ளைதான் போடுவார்கள்.

சாம்பல் புதன் விடிகாலை ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது கரையில், அலை தொடும் இடத்துக்கு ஒரு சாண் மேலே, ஒரு ஈரக் காலடி இருந்தது. இடது கால். சுண்டுவிரல் இல்லை. இசிலேலிக்கு இடது கால் சுண்டுவிரலைக் கல்மீன் குத்தி, அழுகி, வெட்டி எடுத்திருந்தார்கள். அது தீவில் எல்லோருக்கும் தெரியும். மத்தியான வெயிலில் மணல் வெளுத்துப்போனது, அந்த அடி மட்டும் காயவில்லை. வியாழனன்று அதற்கு முன்னால் வலது கால் இருந்தது. வெள்ளியன்று மறுபடி இடது. சனியன்று வலது. ஞாயிற்றுக்கிழமை அடி விழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நுகுஃபாலேயில் யாரும் வலை வீசுவதில்லை, துணி துவைப்பதில்லை, பயணம் போவதில்லை. செத்தவன் ஓய்வுநாளை மறக்கவில்லை என்பதில் சபைக்குத் திருப்திதான். கிட்டியோனி கரையிலிருந்து பிரசங்க பீடம் வரைக்கும் யாரும் பார்க்காத நேரத்தில் எட்டு வைத்து எண்ணிப் பார்த்தான். முப்பத்தொன்பது.

இரண்டாவது வாரத்தில் ஜனங்கள் அடிகளைச் சுற்றிக் கருங்கல் சரளையை வட்டமாக வைத்தார்கள், தெரியாமல் மிதித்துவிடக் கூடாதே என்று. பன்றிகள் அந்த வரிசையைக் கடக்காமல் சுற்றிக்கொண்டு போயின. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கிட்டியோனி மண்வெட்டியால் ஓர் அடியை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி எடுத்து மண்ணைக் கடலில் கொட்டினான். மறுநாள் குழியின் அடியில் அந்தக் காலடி இருந்தது, விளிம்பு வரை தண்ணீரோடு. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு. குழியை மூடினான், காலடி மேலே வந்துவிட்டது. கரையிலிருந்து கோயிலுக்கு நேர்வழி அவன் வீட்டு முற்றத்தின் ஊடாகப் போகிறது. பதினேழாவது அடி அவன் வாசலுக்கு நேராக விழுந்தபோது, அதன் விரல்கள் கோயில் பக்கம் பார்க்காமல் வாசலைப் பார்த்து இருந்தன. அந்த நாள் முழுவதும் கிட்டியோனி வெளியே வரவில்லை. மறுநாள் வலது கால் கோயிலை நோக்கித் திரும்பி விழுந்தது.

“வாசல் வரைக்கும் வந்தவரை உள்ள கூப்பிடாம விட்டுட்டீங்களே,” என்றாள் சீலியா, கிழங்கைச் சீவிக்கொண்டே. “ஒரு வாய் தண்ணிகூடக் கேக்காம போயிட்டார் பாவம்.”

“வாயை மூடு.”

“எனக்கென்ன. நான் ரெண்டு பக்கமும் சேதி சுமக்கிறவ. மூணாவது பக்கத்துக்கும் சுமக்கச் சொன்னா கூலி கேப்பேன்.”

அவளுக்கு ஏதாவது தெரியுமா என்று கிட்டியோனி பல தடவை யோசித்திருக்கிறான். அன்றைக்குக் கடலிலிருந்து வந்தவனின் சட்டையில் சிகரெட் வாடை இருந்ததை அவள் கேட்டதில்லை. அவன் அதற்கு முன்னும் பின்னும் புகைத்ததில்லை.

அந்த வருஷத்துத் தியானங்கள் மாறிப்போனதைத் தீவில் எல்லோரும் கவனித்தார்கள். வழக்கமாக விடிகாலைகளில் ஆண்டவர் சிந்தின வியர்வையையும் அவர் மேல் விழுந்த அடிகளையும் பற்றி, பெரும்பாலும் போன வருஷம் சொன்னதையே, கண் சொருகலோடு சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது யாருக்கும் தூக்கம் வரவில்லை. இசிலேலிக்கு என்னென்ன தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. கடலுக்கு அடியில் நான்கு வருஷம் படுத்திருப்பவன் எதைப் பார்த்தான், எதைக் கேட்டான் என்று யாரால் சொல்ல முடியும்? அவன் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது என்று மூன்றாவது வாரத்தில் ஒருவன் எழுந்து, பதினொரு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சினைப்பன்றியைத் தான்தான் அடித்துத் தின்றதாகச் சொன்னான். மறுநாள் ஒருத்தி, மாமியாருடைய மரப்பட்டைத் துணியைத் தன்னுடையது என்று சொல்லிக் கல்யாணத்துக்குக் கொடுத்ததைச் சொன்னாள். தோட்டத்து எல்லைக் கல்லை நகர்த்தினவன், அண்ணனின் கடிதத்தைக் கிழித்துப் போட்டவள், பெற்ற தகப்பனை மூன்று நாள் பட்டினி போட்டவன். போதகர் பெனிசிமானியே தன் முறை வந்தபோது, இந்தத் தீவிலிருந்து மாற்றல் கேட்டு இரண்டு தடவை எழுதிப்போட்டதாகச் சொல்லித் தலைகுனிந்தார். ஒவ்வொன்றுக்கும் சபை 'நல்லது' என்றது. பன்றி தின்றவன் பன்றி கொடுத்தான். எல்லைக் கல் பழைய இடத்துக்குப் போனது. நடுவே அடிகள் கோயில் முற்றத்தை அடைந்து, படி ஏறி, வாசற்படியின் சிமெண்டில் ஈரமாகப் பதிந்து நின்றன. கடைசி வாரமான பாடு வாரத் திங்களன்று உள்ளே, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே விரித்த பாயில், ஓர் அடி இருந்தது. பெண்கள் பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். கீழே தரையிலும் இருந்தது. திரும்பவும் விரித்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கிட்டியோனி தோட்டத்திலேயே பெரிய காவா வேரைப் பிடுங்கிக் கழுவி எடுத்துக்கொண்டு வூனாவின் வீட்டுக்குப் போனான். வேரை முன்னால் வைத்தான்.

“வியாழக்கிழமை எனக்காக நீங்க நிக்கணும் பெரியவரே.”

வூனா வேரைத் தூக்கி எடை பார்த்தார். நல்ல வேர் என்றார்.  அப்புறம் வேரை அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

“எனக்குத் தொண்ணூத்தி ரெண்டு வயசு. எத்தனையோ சொல்லியிருக்கேன். பேதுரு நெருப்புக் காஞ்சது மட்டும் எனக்கு வந்ததே இல்லை. உனக்கு வந்திருக்கு.”

“உடம்பு சரியில்லை.”

“தெரியுது. நாலு வருஷமா பாக்கறேனே.”

வியாழன் விடிகாலை, கோயில் வாசலில் புங்க மரத்தில் தொங்கும் காலி எரிவாயு உருளையை யாரோ கல்லால் அடித்தார்கள். அதுதான் மணி. கிட்டியோனி பீடத்தின் கீழ்ப்படியில் இருந்த முப்பத்தெட்டாவது அடியைத் தாண்டி ஏறினான். இத்தனை பேர் தங்களைக் கொட்டித் தீர்த்த இடத்தில் நின்று, அவன் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேதுருவைப் பற்றிச் சொன்னான். ஆனால் அவ்வளவு நன்றாக அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. கைகளை நெருப்புக்கு நீட்டினால் உள்ளங்கை சுடும், புறங்கை குளிரும் என்றான். பொய் சொல்லுகிறவன் முதல் தடவைதான் யோசிக்கிறான், மூன்றாவது தடவை அது அவனுடைய சொந்தக் குரலிலேயே வந்துவிடுகிறது என்றான். தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களோடு பேதுருவும் சேர்ந்து சிரித்தான் என்றான். கடைசியில் வேலைக்காரி பேதுருவைப் பார்த்துக் கேட்டதைச் சொல்ல வேண்டிய இடத்தில், “உன்னோட யாராவது இருந்தாங்களான்னு அவ கேட்டா. யாரும் இல்லைன்னு சொன்னான்” என்றான். வேலைக்காரி கேட்டது அது இல்லை. நீ அவனோடு இருந்தவன்தானே என்பதுதான் கேள்வி. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். கிழவர்கள் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, உணர்ச்சியில் தடுமாறிவிட்டான் என்று விட்டுவிட்டார்கள். பலர் அழுதார்கள். வாசலில் அவன் கையைப் பிடித்து, இந்த லெந்திலேயே சிறந்த தியானம் இதுதான் என்றார்கள். பெண்கள் பக்கத்தில் கடைசியாக எழுந்தவள் லூசியானே. அவள் போன பிறகு அவள் இருந்த இடத்தில் நார் ஒரு கைப்பிடி கிடந்தது. பாயின் ஓரத்தை அவள் பிய்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் அவள் தைத்து முடித்த வெள்ளைச் சட்டையையும் கோயிலுக்குக் கட்டும் மெல்லிய இடுப்புப் பாயையும் கோயில் கதவு நிலையில் மாட்டிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை சட்டை கதவு நிலையில் இல்லை. எல்லோரும் வந்து உட்கார்ந்தபோது அது இசிலேலியின் மேல் இருந்தது. அவன் பீடத்தில் நின்றான். செத்த வயதிலேயே இருந்தான்; கிட்டியோனியைவிட இப்போது இரண்டு வயது இளையவனாகத் தெரிந்தான். சட்டை உடம்போடு ஒட்டி, கைமடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. முழங்கையில் ஒரு சின்னச் சிப்பி பிடித்திருந்தது. ஜனங்கள் பாட்டுப் பாடினார்கள், போதகர் ஜெபித்தார், வேதப் பகுதி வாசிக்கப்பட்டது. பிறகு அவன் பேச வேண்டிய நேரம் வந்தது. அவன் பேசவில்லை. ஒரு மணி நேரம் இழுப்பவன் என்று பேர் வாங்கியவன், நெஞ்சு ஏறி இறங்காமல், வாயை லேசாகத் திறந்துகொண்டு நின்றான். சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது. ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறத்திலிருந்து மஞ்சளுக்கு மாறியது. கிட்டியோனி அந்த மௌனம் எவ்வளவு நேரம் இருந்தது என்று அறிந்தான். ஒரு சிகரெட் எரியும் நேரம்.

“கீழேர்ந்து பாத்தப்போ ரெண்டு படகு தெரிஞ்சுது,” என்றான் இசிலேலி. உயிரோடு இருந்தபோது பேசின அதே குரல், கொஞ்சம் கரகரப்பாக. “பெரிய படகு போகட்டும், அதுவரைக்கும் மேல வரக் கூடாது, மச்சான் மாட்டிக்குவான்னு இருந்தேன். மீதியை நேத்து கிட்டியோனி சொல்லிட்டான்.” கொஞ்சம் நிறுத்தினான். “எனக்குத் தாகமா இருக்குது.”

 அலை கவிழ்த்த படகுக்குப் பக்கத்தில் இன்னொரு படகு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள். கிட்டியோனி எழுந்தான். வெளியே போய்க் கோயில் மழைநீர்த் தொட்டியில் எனாமல் குவளையை நிறைத்துக்கொண்டு வந்தான். இரண்டு பக்கத்துக்கும் நடுவே, ஈர அடிகளின் மேலேயே மிதித்துக்கொண்டு வந்தான். அவன் பெண்கள் பக்கத்து முன்வரிசையைத் தாண்டும்போது லூசியானே எழுந்து நின்றாள். அவனுடைய முகத்தைப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அப்போதுதான்.

“தம்பி,” என்றாள். “அன்னிக்கு உன்னோட யாராவது இருந்தாங்களா?”

குவளையில் தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கையில் வழிந்தது.

“இருந்தாரு அக்கா. கீழ இருந்தாரு.”

“சரி,” என்றாள் லூசியானே. உட்கார்ந்துகொண்டாள்.

இசிலேலி குவளையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். நீட்டினான். கிட்டியோனி மறுபடியும் போய் நிறைத்துக்கொண்டு வந்தான். குவளை போதாமல் வாளிக்கு மாறினார்கள். வேறு யாராவது உதவிக்கு எழுந்தால் இசிலேலி வாங்கிக்கொள்ளவில்லை. எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. வெயில் பீடத்து மேசை வரைக்கும் ஏறியபோது தொட்டி வற்றி, குழாய் காற்றை இருமியது. இசிலேலி வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கி, வந்த அடிகளிலேயே திரும்பி, கிட்டியோனியின் வாசலில் ஒரு கணம் நின்று, கரையைத் தாண்டி நடந்து, பாருக்கு அப்பால் தலை மறையும் வரைக்கும் போனான். அவன் கடந்த பிறகு ஒவ்வோர் அடியும் காய்ந்தது. சட்டை அன்று மத்தியானம் அலையில் மடித்து வைத்ததுபோல் ஒதுங்கியது.

மன்னிப்புக் கேட்கிறவர்களின் வழக்கப்படி கிட்டியோனி தலையை மழித்துக்கொண்டு, கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு, கழுத்தில் இலை மாலையோடு அக்காள் வீட்டு முற்றத்தில் குனிந்து உட்கார்ந்தான். சனி முழுவதும் உட்கார்ந்திருந்தான்; ஈஸ்டர் காலையில் பாட்டுச் சத்தம் கேட்டபோதும் அங்கேதான் இருந்தான். லூசியானே அவனை எழுந்திருக்கவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. செவ்வாயன்று சீலியா வந்து, “அக்கா கேக்கறாங்க, குழி வெட்ட ஆள் வேணுமாம், வருவீங்களா?” என்றாள். அவன் போய் வெட்டினான். வெள்ளைச் சட்டையைப் புதைத்து, மேலே கருங்கல் சரளை பரப்பினார்கள். லூசியானே துக்கப் பாயை அவிழ்த்தாள். தண்டனை என்று யாரும் எங்கும் எழுதிப்போடவில்லை. காரியஸ்தன் வேலை வேறொருவனுக்குப் போனது. அதற்குப் பிறகு அக்காளும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அதற்கு முன்னும் பேசிக்கொண்டதில்லை என்பதால், வித்தியாசம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த சாம்பல் புதன் அன்று கரையில் இடது கால் மறுபடியும் விழுந்தது. ஜனங்கள் சரளையைக் கொண்டுவந்து வட்டமாக வைத்தார்கள். இப்போது பாடு வாரத்தில் நுகுஃபாலேயில் யாரும் குளிப்பதில்லை. தொட்டி வெள்ளிக்கிழமைக்கு நிறைந்திருக்க வேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் வீட்டுக்கு ஒரு குடம் என்று கொண்டுவந்து ஊற்றினார்கள். இசிலேலி வருகிறான், நிற்கிறான், ஒரு வார்த்தையும் சொல்லாமல் தொட்டியைக் குடித்துத் தீர்த்துவிட்டுப் போகிறான். தாகம் குறைந்ததாகத் தெரியவில்லை. கிட்டியோனிக்கு முதுகு கூன ஆரம்பித்து, வாளியை இரண்டு கையாலும் தூக்குகிறான். லெந்துக்கு முந்திய ஞாயிறு புதுக் காரியஸ்தன் முறைத்தாளை வாசிக்கிறான். சபை ஒவ்வொரு பெயருக்கும் 'நல்லது' என்கிறது. கடைசி வரி வரும்போது அவன் குரலைத் தாழ்த்துவதில்லை, விசிறிகளும் நிற்பதில்லை. பெரிய வெள்ளி, சிலுவை, இசிலேலி. தண்ணீர், கிட்டியோனி. நல்லது.